ஜெல் மணி வேண்டாம், சப்ஜா விதை போதும்

பாக்கெட்டில் விற்கும் வண்ண ஜெல் மணிகளைக் குழந்தை குளிக்கும் தண்ணீரில் போடலாமா என்றால், போடாதீர்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் மணி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கும். மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டால் குடலுக்குள்ளும் அதே வேலைதான் நடக்கும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் பெரிய கடைகளே 2023 கடைசியில் இவற்றைக் குழந்தைகளுக்கென்று விற்பதை நிறுத்திவிட்டன.

வழவழப்புதானே வேண்டும்? 2 ஸ்பூன் சப்ஜா விதையை ஒரு சொம்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஒரு உறை கட்டும், பார்க்கத் தவளை முட்டையேதான். காய்ந்த விதையை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் ஒட்டி வீங்கிவிடும்.

ஊறியதை அகலமான பேசினில் கொட்டி, 2 விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியும் கரண்டியும் கொடுத்துவிட்டால் போதும், மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கலர் வேண்டுமா, கொஞ்சம் பீட்ரூட் சாறு. நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள், போன் அடித்தாலும் எழுந்து போகாதீர்கள், அவ்வளவு குறைந்த தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கலாம். தரையும் பயங்கரமாக வழுக்கும்.

விளையாடி முடித்ததும் குழாயில் கொட்டி அடைத்துவிடாமல் துணியில் வடிகட்டிக் குப்பையில் போடுங்கள். அப்புறம் தலைமுடி: ஒட்டிய விதை காய்வதற்குள் அலசிவிடுங்கள், காய்ந்தால் சீப்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.