நர்சிங் ஹோமிலிருந்து சொந்த வீட்டுக்கு: மெடிக்கெய்ட் இடமாற்றச் சேவை வழங்குநராகும் வழிமுறை

மெடிக்கெய்ட் என்பது அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; நர்சிங் ஹோம் என்பது அங்கே, அன்றாடப் பராமரிப்பு தேவைப்படுவோர் தங்கும் இல்லம். மெடிக்கெய்ட் செலவில் கலிஃபோர்னியாவின் நர்சிங் ஹோம் ஒன்றில் நீண்டகாலம் தங்கியிருப்பவர், தமக்கு வரும் வருமானத்திலிருந்து கைச்செலவுக்கென வைத்துக்கொள்ளும் தொகை பொதுவாக மாதத்துக்கு 35 டாலர். மீதம் பராமரிப்புச் செலவுக்குப் போய்விடும். அந்த 35 டாலரை எத்தனை மாதம் சேர்த்தாலும் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட முடியாது. கட்டிலும் மெத்தையும் பாத்திரமும் வாங்க முடியாது. ஆகவே, இடுப்பெலும்பு முறிந்து சில வாரங்கள் தங்க வந்தவர், எலும்பு கூடி நடக்கத் தொடங்கிய பின்னும், போவதற்கு வீடில்லை என்ற ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார். இப்படி அடைபட்டுப் போனவரை வெளியே அழைத்துவந்து குடியமர்த்தும் பணிக்கு மெடிக்கெய்டே பணம் தருகிறது. அதைச் செய்யும் அமைப்பே இடமாற்றச் சேவை வழங்குநர்.

கலிஃபோர்னியாவில் இப்பணியில் இருக்கும் என்னிடம், சமூகப் பணியிலும் செவிலியர் பணியிலும் உள்ள தமிழ் நண்பர்கள் சிலர், தாங்களும் ஓர் அமைப்பைத் தொடங்கி இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியும். ஆனால் பதிவு, ஒப்பந்தம் ஆகிய தாள்வேலை பாதிகூட இல்லை. ஒருவரின் வாழ்க்கையை நடுவில் கைவிடாமல் கொண்டு சேர்க்கும் பொறுப்பே பெரியது. அதனால் இந்த விளக்கத்தில் தாள்வேலையைச் சுருக்கமாகவும், களவேலையை விரிவாகவும் சொல்கிறேன்.

படி 1: எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறோம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கர்டிஸ், இலெய்ன் வில்சன் என்ற இரு பெண்கள், வெளியே வாழலாம் என்று அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களே சொன்ன பிறகும் அரசு மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய வழக்கில், 1999 ஜூன் 22 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் தீர்ப்பை வழங்கியது. வெளியே வாழ்வது பொருத்தம் என்று சிகிச்சையாளர்கள் கருதி, அந்த நபரும் அதை மறுக்காமல், நியாயமான அளவில் அரசால் ஏற்பாடு செய்யவும் முடியும் என்றால், அவரை நிறுவனத்துக்குள் தேவையின்றி ஒதுக்கி வைப்பது 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரான பாகுபாடு என்பது தீர்ப்பின் சாரம். நம் வேலையின் அடித்தளம் இதுவே. நாம் யாருக்கும் சலுகை செய்யவில்லை. அவருக்குரிய உரிமை நடைமுறைக்கு வர உதவுகிறோம். இந்த எண்ணம் இல்லாதவர் இப்பணிக்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 2: எந்த வழியாக நுழைவது என்று முடிவுசெய்யுங்கள்

மெடிக்கெய்ட் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் திட்டம் என்பதால், இடமாற்றச் சேவையின் பெயரும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மெடிக்கெய்டின் பெயர் மெடி-கால். புதியவர்கள் கவனிக்க வேண்டிய வழிகள் இங்கு இரண்டு.

முதலாவது, கலிஃபோர்னியா கம்யூனிட்டி டிரான்சிஷன்ஸ். 2005-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில் பிறந்த ‘மணி ஃபாலோஸ் த பெர்சன்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மாநில வடிவம் இது. நிறுவனத்தில் குறைந்தது 60 நாள் தங்கியவர்களே இதற்குத் தகுதி பெறுவர். 2021-க்கு முன் இது 90 நாளாக இருந்தது. அவர்கள் குடிபோகும் இடம் தமக்கோ குடும்பத்துக்கோ சொந்தமான அல்லது வாடகைக்கு எடுத்த வீடாகவோ, தம் பெயரில் ஒப்பந்தமும் பூட்டிக்கொள்ளும் கதவும் உள்ள அடுக்ககமாகவோ, உறவினர் அல்லாத நால்வருக்கு மேல் வசிக்காத குழு இல்லமாகவோ இருக்க வேண்டும். முன்னணி அமைப்புகள் எனப்படுபவை மாநிலச் சுகாதாரத் துறையோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டு இதை நடத்துகின்றன.

இரண்டாவது, 2022 ஜனவரியில் தொடங்கிய, கால்-எய்ம் என்ற மெடி-கால் சீர்திருத்தத்தின் கீழ் வரும் சமூக ஆதரவுச் சேவைகள். இங்கு நீங்கள் ஒப்பந்தம் செய்வது மாநிலத்தோடு அல்ல, மெடி-கால் பயனாளர்களை நிர்வகிக்கும் காப்பீட்டுத் திட்டங்களோடு. லாஸ் ஏஞ்சலிஸில் எல்.ஏ. கேர், ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பகுதியில் இன்லண்ட் எம்பயர் ஹெல்த் பிளான் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் திட்டங்கள் மாறும். சிறிய அமைப்புக்கு இந்த வழியே ஏற்றது என்பது என் அனுபவம். ஆகவே இனி வருவதைப் பெரும்பாலும் இதையொட்டியே எழுதுகிறேன்.

எந்த வழியானாலும், முதலில், மாற்றுத்திறனாளிகள் பிறரைச் சாராமல் வாழ உதவும் சுதந்திர வாழ்வு மையம் உங்கள் பகுதியில் எங்குள்ளதோ அங்கே சென்று பேசுங்கள். இவ்வகை மையங்களின் முன்னோடி 1972-இல் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகளே தொடங்கியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், நிறுவனத்திலிருந்து சமூகத்துக்கு மாற உதவுவதும் அம்மையங்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. தனி அமைப்பு தொடங்கும் முன் ஓராண்டு அவர்களோடு வேலை செய்தால், எந்தப் பயிற்சி வகுப்பும் தராத அறிவு கிடைக்கும்.

படி 3: அமைப்பையும் ஆவணங்களையும் தயார்செய்யுங்கள்

மாநிலத்தில் நிறுவனமாகவோ இலாப நோக்கற்ற அமைப்பாகவோ பதிவுசெய்து, வருமான வரித் துறையிடம் நிறுவன அடையாள எண்ணையும், தேசிய வழங்குநர் அடையாள எண்ணான பத்து இலக்க என்பிஐ-யையும் பெறுங்கள். இரண்டுமே இலவசம், இவற்றை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். அடுத்து, பொதுப் பொறுப்புக் காப்பீடு, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு ஆகியவற்றை எடுங்கள். வீட்டுக்குள் சென்று வேலை செய்யும் ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்த்து, பயனாளரின் மருத்துவத் தகவல்களைக் காக்கும் முறையையும், புகார் பெறும் முறையையும், ஆபத்து நிகழ்வுகளைத் தெரிவிக்கும் முறையையும் எழுத்தில் வையுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் காப்பீட்டுத் திட்டத்தினர் இவற்றைக் கேட்பார்கள்.

படி 4: சரிபார்ப்பைக் கடந்து ஒப்பந்தத்துக்கு வாருங்கள்

மாநிலத்தில் பதிவுசெய்ய வழியுள்ள வழங்குநர் வகையினர் மெடி-காலின் ‘பேவ்’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அப்படியொரு வழி இல்லாத வகையினரைக் காப்பீட்டுத் திட்டமே சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளும். பதிவில், அமைப்பில் 5 சதவீதமோ அதற்கு மேலோ உரிமை உள்ளவர்கள் அனைவரின் விவரமும் வெளிப்படையாகத் தரப்பட வேண்டும். மத்திய அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோர் பட்டியலில் உங்கள் ஊழியர் எவரேனும் இருக்கிறாரா என்பதை வேலைக்கு எடுக்கும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு மாதமும் பாருங்கள். பட்டியலில் உள்ள ஒருவரை வைத்துச் செய்த வேலைக்குப் பெற்ற பணத்தைத் திருப்பித்தர நேரிடும். பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும் என்பதால், அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அட்வான்ஸையும் பொருள் செலவையும் முதலில் நீங்கள் செலவழித்துப் பின்னர் பெற வேண்டுமா, அல்லது திட்டம் முன்பணம் தருமா? எல்லாம் வாங்கி முடித்த பிறகு, வெளியேறும் நாளுக்கு முன் அவர் இறந்துவிட்டாலோ மனம் மாறிவிட்டாலோ அந்தச் செலவு யாருடையது? முதல் கேள்வியைக் கேட்காமல் தொடங்கிய அமைப்புகள் கையில் பணமின்றித் திணறியதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது மூன்று, நான்கு பேரின் இடமாற்றச் செலவைத் தாங்கும் அளவுக்கு வங்கியில் பணம் இல்லாமல் முதல் பயனாளரை ஏற்க வேண்டாம்.

படி 5: எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதை மனப்பாடம் செய்யுங்கள்

கால்-எய்ம் இடமாற்றச் சேவையில் ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 7,500 டாலர். தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால், பராமரிப்பு வழங்குநர் நடத்தும் இல்லத்திலிருந்து தனி வீட்டுக்கு மாற வேண்டி வந்தவருக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. வீட்டு அட்வான்ஸ், மின்சாரம், தண்ணீர், தொலைபேசி இணைப்புகளுக்கான தொடக்கக் கட்டணம், அவற்றின் முதல் மாதச் செலவு, பூச்சி ஒழிப்பு, ஒருமுறை செய்யும் முழுத் துப்புரவு, உடல்நலத்துக்குத் தேவையான கருவிகள் ஆகியவை இதில் அடங்கும். மாத வாடகை, உணவு, தொடர்ந்து வரும் மின் கட்டணம், பொழுதுபோக்குக்கான பொருள்கள் ஆகியவை அடங்கா.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் இடமாற்றத்தில், பல ஆண்டுகள் தையல் வேலை செய்த ஒரு பெண்மணி, நர்சிங் ஹோமில் மூவர் படுக்கும் அறையிலிருந்து ஒற்றை அறை வீட்டுக்குப் போனார். மெத்தை, போர்வை, வாணலி, குளியலறையில் பிடித்துக்கொள்ளும் கம்பி ஆகியவற்றோடு ஒரு சிறிய தொலைக்காட்சியையும் ஒரே கடையில் ஒரே ரசீதில் வாங்கினேன். தொலைக்காட்சி இருந்ததால் மொத்த ரசீதும் திரும்பி வந்தது. பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று எழுதி, மீண்டும் அனுப்பிப் பணம் பெறுவதற்குள் பல வாரங்கள் கடந்துவிட்டன. அன்றிலிருந்து, அனுமதியுள்ள பொருளுக்குத் தனி ரசீது, நன்கொடையில் வாங்கும் பொருளுக்குத் தனி ரசீது என்பதை மாறாத வழக்கமாக வைத்திருக்கிறேன்.

படி 6: முதல் பயனாளரோடு வேலை செய்யுங்கள்

நர்சிங் ஹோமில் குறித்த இடைவெளிகளில் செய்யப்படும் மதிப்பீட்டுப் படிவத்தின் ‘கியூ’ பிரிவு, சமூகத்துக்குத் திரும்புவது பற்றி யாரிடமேனும் பேச விரும்புகிறீர்களா என்று கேட்கிறது. ஆம் என்றவர்களைப் பற்றி அங்குள்ள சமூகப் பணியாளர் உங்களுக்குத் தெரிவிக்கலாம்; திட்டங்களின் பரிந்துரையாலும் ஆள் வருவார்கள். கால்-எய்மில் அவர் குறைந்தது 60 நாள் தங்கியிருக்க வேண்டும், வெளியே வாழ விரும்ப வேண்டும், தக்க உதவியோடு அங்கே பாதுகாப்பாக வாழ முடிய வேண்டும்.

முதல் சந்திப்பில் படிவத்தை எடுக்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க விரும்புகிறார், என்ன சமைப்பார், யார் வந்து பார்ப்பார்கள், எந்தத் தெருவில் வாழ்ந்தார் என்று கேளுங்கள். பல ஆண்டுகளாக எல்லாவற்றையும் பிறர் முடிவுசெய்ய வாழ்ந்தவருக்கு, தமக்கு வேண்டியதைச் சொல்லவே சில வாரங்கள் பிடிக்கும். அந்தப் பதில்களிலிருந்துதான் அவருடைய இடமாற்றத் திட்டம் பிறக்க வேண்டும். குடும்பத்தார் பயந்து மறுத்தாலும், சட்டப்படி தம் முடிவைத் தாமே எடுக்கக்கூடியவரின் விருப்பமே முதன்மையானது.

அடுத்து அடையாள ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் நிறுவன வாழ்க்கையில் எப்படியோ தொலைந்துபோயிருக்கும். அவை இல்லாமல் எந்த வீட்டு உரிமையாளரும் ஒப்பந்தம் எழுத மாட்டார். வீடு தேடுவதற்கு முன்னரே இவற்றுக்கு விண்ணப்பியுங்கள். அத்தோடு, அவருக்கு அரசு மாதந்தோறும் தரும் சமூகப் பாதுகாப்புப் பணத்தை அவர் சார்பில் நர்சிங் ஹோமே பெற்றுவருகிறதா என்று விசாரியுங்கள். ஆம் என்றால், பெறுநரை மாற்றவும் முகவரியைத் திருத்தவும் முன்கூட்டியே சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகுங்கள். இதை விட்டுவிட்டால், புது வீட்டின் முதல் வாடகை நாளில் பணம் பழைய இடத்திலேயே கிடக்கும்.

வீட்டில் கைத்துணை வேண்டுமென்றால், மாவட்டம் நடத்தும் ஐஎச்எஸ்எஸ் என்ற வீட்டு உதவித் திட்டத்துக்கு அவர் உள்ளே இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். இதில் ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 283 மணிநேரம் வரை உதவி கிடைக்கலாம். எவ்வளவு என்பதை மாவட்டத்தின் மதிப்பீட்டாளர் முடிவுசெய்வார். வீட்டைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். குளியலறைக் கதவின் அகலத்தைச் சக்கர நாற்காலியின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசலில் எத்தனை படிகள் என்று எண்ணுங்கள். முடிந்தால் அவரையே அழைத்துச் சென்று, விளக்கின் சுவிட்ச் எட்டுகிறதா, அடுப்பை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

குடிபோகும் நாளை வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள். மருந்துக் கடையிலிருந்து ஒரு மாத்திரை வரவில்லை என்றாலும், ஆக்சிஜன் கருவி வந்து சேரவில்லை என்றாலும், சனி, ஞாயிறில் தொலைபேசியை எடுக்க ஆள் கிடைப்பது அரிது. திங்களும் செவ்வாயும் நல்ல நாள்கள். உணவுக்கு மெடி-கால் பணம் தராது என்பதால், முதல் வாரத்துக்கான மளிகையை உணவு வங்கியிலோ நன்கொடையாளரிடமோ முன்னதாகவே பெற்று வையுங்கள்.

படி 7: பணம் கோருங்கள், பதிவுகளைக் காத்து வையுங்கள்

இடமாற்றச் சேவைக்குப் பயன்படும் குறியீடு டி2038. அதோடு சேர்க்க வேண்டிய துணைக்குறியைத் திட்டத்தின் கையேட்டில் பாருங்கள். காப்பீட்டுத் திட்டம் தரும் அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன் செய்த செலவு பெரும்பாலும் திரும்ப வராது. ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, நேரம், இடம், செய்த வேலை, செய்தவர் கையெழுத்து ஆகியவற்றோடு அன்றே குறிப்பெழுதுங்கள். செய்யாத வேலைக்கு ஒரு மணிநேரம்கூடக் கோராதீர்கள்; இவ்வகைச் சேவைகளில் சிலர் செய்யும் மோசடிக்கான விலையைக் கடைசியில் உள்ளே காத்திருப்பவர்களே கொடுக்கிறார்கள். பதிவுகளை 10 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும்.

படி 8: குடிபோன பின்னும் போய்ப் பாருங்கள்

வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து தருவதும் இச்சேவையின் பகுதியே. முதல் வாரத்தில் இரண்டு முறையாவது செல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாத்திரைப் பெட்டியில் நேற்றைய அறை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின் கட்டணக் கடிதம் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று கேளுங்கள். வாடகை தாமதமானால் யாரிடம் பேசுவது, உதவியாளர் வராவிட்டால் யாரை அழைப்பது, இரவில் உடல் நோவெடுத்தால் யாரை அழைப்பது என்ற மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர் உட்காரும் உயரத்துக்குக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். ஒட்டும் முன், மூன்று எண்களையும் அவர் கையாலேயே ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.