13,300 கிலோமீட்டர் சரி, கடைசி 230?

டொராண்டோவிலிருந்து சேலத்துக்குப் போகப் பெங்களூரில் இறங்குகிறோம். அதுவரை ஆகாய வழியில் குறுக்கே அளந்தால் ஏறத்தாழ 13,300 கி.மீ. லண்டனில் மாறிப் போனால் 5,700, பிறகு 8,050. சுற்றுவழி என்று அலுத்துக்கொள்கிறோம். கூடுவது 450 கி.மீ.தான். பறப்பது 7 மணி நேரமும் 10 மணி நேரமும். மீதியைத் தின்பது காத்திருப்பு. நடுவில் 3, 4 மணி நேரம் விட்டு, எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விடும்போது நட்டம் உங்களுடையது.

கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். அங்கே சிறிய ஏடிஆர் விமானம்தான் இறங்கும். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. நம்மிடமோ 23 கிலோவில் இரண்டு பெட்டி.

ஆகவே சாலை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் வழியாகச் சுமார் 230 கி.மீ., 5 மணி நேரம். விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, சேலம் தெற்கே. காலை எட்டு மணிக்குப் பெங்களூரைக் கடப்பதற்குள் இன்னொரு கண்டம் தாண்டலாம்.

வம்பு தொடங்குவது தேதியில். டிக்கெட்டில் இறங்கும் நேரம் 14ஆம் தேதி 04:30 என்றிருந்தால், அழைத்துப்போக வரும் உறவினர்களின் வண்டி சேலத்தில் கிளம்ப வேண்டியது 13ஆம் தேதி இரவு 11 மணிக்கு. "14ஆம் தேதி வர்றேன்" என்று மட்டும் சொன்னால் 14 இரவு கிளம்புவார்கள். "13 ராத்திரி" என்றால் 12ஆம் தேதியே வந்து நிற்பவர்களும் உண்டு. கிழமையோடு, வீட்டைவிட்டுக் கிளம்பும் மணியை வாட்ஸப்பில் எழுதியனுப்புங்கள். குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதையும் எழுதுங்கள். தூணோரம் துண்டை விரித்துக் கிடப்பவர் எழுபது வயதுப் பெரியப்பா.

வாடகைக் கார் போதும் என்றால் கேட்கமாட்டார்கள். "நாங்க வராம யாரு கண்ணு வருவா?" பன்னிரண்டு பேர் வேனில் வந்துவிட்டால் நான்கு பேருக்கான எட்டுப் பெட்டிகள் எங்கே போகும்? கூரையில் கம்பி இருக்கிறதா, கயிறும் தார்ப்பாயும் உண்டா என்று முன்பே கேளுங்கள். மஞ்சள் பலகை வண்டிக்குக் கர்நாடக பெர்மிட் கட்டியிருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை, அதாவது சொந்த உபயோக வண்டியை, வாடகைக்கு எடுத்தால் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் பிடிபடலாம். ராத்திரி ஓட்டிவந்த ஓட்டுநரையே காலையில் தொப்பூர் இறக்கத்தில் ஓட்டவிடாதீர்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் அது. இரண்டாவது ஓட்டுநருக்கான படியை நீங்களே கொடுங்கள்.

வழியில் குலதெய்வக் கோயில், பிறகு அத்தை வீடு என்று அடுக்குவார்கள். மறுநாளைக்குத் தள்ளுங்கள். ஏற்காடும் அப்படித்தான், தூக்கம் கெட்ட வயிற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டாம்.

திரும்பும்போது எதிர்க்காற்று; ஒவ்வொரு விமானத்துக்கும் சுமார் ஒரு மணி நேரம் கூடும். காலை 7 மணி விமானத்துக்கு முந்தைய இரவு 10 மணிக்கே சேலத்தை விடுங்கள். வழியனுப்பவும் அதே வேன் வரும். டிக்கெட் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பேச வேண்டியதை ஓசூர் தாண்டுவதற்குள் பேசிவிடுங்கள்.