பயணிகள் விமான மாடல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்பவும் அழைத்து வரவும் நாம் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறோம். அதனால் இங்கே பிளாஸ்டிக் கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல் பெட்டி) கட்டத் தொடங்குபவர்கள் அங்கே பார்த்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, இண்டிகோ ஏ320 இரண்டில் ஒன்றைக் கட்டத்தான் ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. 1/144 அளவில் (உண்மை விமானத்தில் 144இல் ஒரு பங்கு) 737-800 சுமார் 27 சென்டிமீட்டர் நீளம்தான், பாகங்களும் குறைவு. பாகம் குறைவு, அதனால் வேலை எளிது என்று நினைப்பதுதான் முதல் தவறு. போர் விமானத்தின் பச்சை, பழுப்புத் திட்டுகள் சின்னக் குறைகளை மறைத்துவிடும். பயணிகள் விமானமோ பளபளக்கும் வெள்ளை உடல். ஒட்டும்போது விட்ட குறை பெயின்ட் ஏறிய பிறகுதான் கண்ணில் படும். அப்போது திருத்துவது பெரும்பாடு.

கிட் வாங்கும்போதே பலர் தவறிவிடுகிறார்கள். 737-800க்கான பெட்டியை வாங்கி, 737 மேக்ஸுக்கான டீக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம், எழுத்து) ஒட்டப் பார்ப்பார்கள். மேக்ஸின் இன்ஜின் பெரியது, அதன் பின்விளிம்பு பல்பல்லாக இருக்கும், இறக்கை நுனி மேலும் கீழுமாகப் பிரியும். ஏ320நியோவிலும் இரண்டு வகை இன்ஜின் உண்டு. இண்டிகோவில் முதலில் வந்தவை பிராட் அண்ட் விட்னி இன்ஜினுடன் வந்தன, லீப் இன்ஜின் பின்னால்தான் சேர்ந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பழைய 737-800களில் வால் ஓவியம் விமானத்துக்கு விமானம் வேறு. ஆகவே ஒரு குறிப்பிட்ட பதிவெண்ணை முடிவு செய்து, அந்த விமானத்தின் புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது மூக்கு எடை. அநேகக் கிட்களில் பின் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பகுதி கனமாகிவிடும். மூக்கில் எடை வைக்காமல் உடலை ஒட்டிவிட்டால், சக்கரத்தில் நிறுத்தும்போது விமானம் வாலில் உட்கார்ந்துவிடும், பிறகு உடலைப் பிளந்துதான் சரிசெய்ய வேண்டும். நம் பக்கம் குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும். அது இதற்கு நல்லதுதான். ஆனால் அதை வெள்ளைப் பசையால் (ஃபெவிகால் மாதிரி) ஒட்டாதீர்கள். அந்தப் பசையும் ஈரமும் ஈயத்தை அரிக்கும், அரித்த ஈயம் ஊதிப் பெருக்கும், நாள் போகப் போக மூக்கு இணைப்பையே பிளந்துவிடும். கடல் காற்று அடிக்கும் ஊரில் இந்த ஆபத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரால்டைட் மாதிரி எபாக்சியில் முழுக்க மூடி வையுங்கள். ஈயத்தைத் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். எவ்வளவு எடை என்று ஊகிக்கவும் வேண்டாம். உடல், இறக்கை, வால், இன்ஜின் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின் சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். மூக்கு தெளிவாகக் கீழே சாய வேண்டும். எடை எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். மூக்கில் இடம் போதாவிட்டால், இறக்கையில் இன்ஜின் தொங்கும் விமானங்களில் இன்ஜின் கூட்டுக்குள்ளும் வைக்கலாம்.

ஜன்னல் விஷயத்தையும் உடலை மூடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கண்ணாடிப் பாகமா, டீக்கல் ஜன்னலா? டீக்கல் என்றால் துளைகளுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, பிறகு வெளியே நிரப்புங்கள். வெறும் பட்டியை (குழியை நிரப்பும் putty) துளையில் அடைத்தால் அது காயும்போது சுருங்கி, பெயின்டுக்குப் பிறகு வரிசையாகப் பள்ளம் தெரியும். கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டு கண்ணாடி மங்கிப்போகும். ஈரப்பதம்தான் சூப்பர் க்ளூவை இறுகவைக்கிறது, அதனால் மழைக்காலத்தில் அது சட்டென்று பிடித்துவிடும். இறக்கையை நேராக்க நேரம் தராது. இறக்கைக்குப் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கும் மாடல் சிமென்ட்தான் சரி. ஒட்டியவுடன் இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

உடலின் மேலும் கீழும் ஓடும் இணைப்புக் கோட்டுக்கு, கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் பட்டியும் வாட்டர் பேப்பரும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். 400 எண் தாளில் தொடங்கி 1000 எண் வரை, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் சாம்பல் நிற பிரைமர் அடித்துப் பாருங்கள். பிரைமரைத் தவிர்த்து நேராக வெள்ளைக்குப் போவது ஆகப் பெரிய அவசரம்.

வெள்ளையை ஒரே பூச்சில் மூடப் பார்க்காதீர்கள். மெல்லிய பூச்சுகளாக, இடைவெளி விட்டு அடியுங்கள். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்று நமக்கு இரண்டும் உண்டு. ஈரமான நாளில் லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட்) அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூத்துவிடும், பளபளப்புப் போய்விடும். மழை விட்ட நாளுக்குக் காத்திருங்கள், அல்லது மெதுவாக உலரவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் சின்னக் கருவி) வைத்திருந்தால் கம்ப்ரசரில் ஈரப்பொறி கட்டாயம். இல்லாவிட்டால் குழாயில் சேர்ந்த தண்ணீர் பெயின்டோடு தெறிக்கும். மழைக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு அடிப்பது உடம்புக்குக் கெடுதல். காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும்.

பெயின்ட் முடிந்ததும் உடல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) கறுப்பு மை ஓட்டும் பழக்கம் ஒன்று உண்டு. இந்த அளவில் கால் மில்லிமீட்டர் கோடு, உண்மை விமானத்தில் மூன்றரை சென்டிமீட்டர் பிளவுக்குச் சமம். அப்படி ஒரு விமானம் பறக்காது. வேண்டுமானால் இறக்கையில் மட்டும், வெளிர் சாம்பல் நிறத்தில்.

டீக்கலை மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். முதலில் பளபளப்புக் கிளியர் கோட் அடியுங்கள். தண்ணீரும் முக்கியம். கரையோரக் கிணற்று, போர் தண்ணீரில் உப்பு இருந்தால், காய்ந்த பிறகு வெள்ளைத் தடம் விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் விலை குறைவுதான், அதை வாங்கிக்கொள்ளுங்கள். டீக்கலை மிருதுவாக்கிப் பரப்பில் படியவைக்கும் திரவம் தடவியதும் டீக்கல் சுருங்கும். பதறிப்போய் விரலால் இழுக்காதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். பழைய டீக்கல் தாள் என்றால், வேண்டாத ஒரு சின்னத் துண்டை முதலில் நனைத்துப் பாருங்கள். உடைந்தால், தாள் முழுவதும் கிளியர் அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டலாம்.

ஒட்டிய டீக்கல் ஒரு நாளாவது நன்றாகக் காயட்டும். கடைசி கிளியரையும் தூவலாக அடியுங்கள். நனைய அடித்த லாக்கர் டீக்கலைக் கடித்துவிடும். ஆன்டெனா, சக்கரக் கதவு மாதிரி கைபட்டாலே ஒடிகிற பாகங்களை அதற்குப் பிறகு ஒட்டினால் போதும்.