சிங்களக் கடிதத்துக்குத் தமிழில் பதில் பெற்ற விதம்

இலங்கையின் மத்திய மாகாணத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து முழுக்கச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் வாசித்துக் காட்டியும், ஏதோ ஆவணம் குறைகிறது என்பதற்கு மேல் விளங்கவில்லை. இரண்டு முறை நேரில் சென்றபோது "மொழிபெயர்ப்பாளர் இல்லை" என்றார்கள். தொலைபேசியில் கேட்டதை யாரும் பதிவில் வைக்கவில்லை.

பிறகுதான் இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை நிதானமாக வாசித்தேன். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளலாம் என்பதோடு, எழுதிய மொழியிலேயே பதில் பெறும் உரிமையும் அதில் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இந்தப் பிற்பகுதியைத்தான். என் விண்ணப்பத்தை வாசலில் மனு எழுதுபவர் சிங்களத்தில் நிரப்பியிருந்தார். கையொப்பம் மட்டுமே தமிழ். கோப்பைப் பார்ப்பவருக்கு நான் சிங்களத்தில் எழுதியவன்.

ஆகவே, வந்த கடிதத்தின் இலக்கத்தையும் உறுப்புரையையும் குறிப்பிட்டுத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, மொழி உரிமை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்புக்கும் பிரதி போகிறது என்று தெரிய, அடியில் 'பிரதி: அரசகரும மொழிகள் ஆணைக்குழு' எனச் சேர்த்து, இரு இடங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் தமிழில் பதில் வந்தது. குறைந்திருந்தது கிராம அலுவலரின் அறிக்கை மட்டுமே; அதை மறுநாளே கொடுத்துவிட்டேன்.