உங்கள் தெருக் கொன்றை எப்போது பூக்கிறது? பெங்களூரில் மரம் கவனிக்கும் முறை

சித்திரைக் கனிக்குக் கொன்றைப் பூ வேண்டும். ஆனால் அதற்கு முன்பே பூத்துக் கொட்டிவிடுகிறது என்று அல்சூர், சிவாஜிநகர் பக்கம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது நிஜம்தானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மரம், ஒரு நோட்டு, வாரம் பத்து நிமிடம் போதும்.

மரம் பூப்பதை வெப்பம், ஈரம், பகலின் நீளம் ஆகியவை தீர்மானிக்கின்றன. பகலின் நீளம் வருடாவருடம் ஒன்றுதான். வெப்பமும் மழையும்தான் தடம் மாறுகின்றன. குளுகுளு ஊர் என்று பெயரெடுத்த பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவானது. பூக்கும் காலம் நகர்ந்தால், அதை நம்பியிருக்கும் வண்டும் பறவையும் கூடவே நகர முடியாமல் போகலாம். சூழல் குலைவது இப்படித்தான். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாளை 1200 ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 2021 மார்ச் 26-இல் அது உச்சத்தைத் தொட்டபோது, இத்தனை சீக்கிரம் பூத்ததே இல்லை என்று சொல்ல முடிந்தது. நம் ஊர் மரங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் தவறாமல் நீங்கள் கடந்துபோகிற மரமாக இருக்கட்டும். தினமும் தண்ணீர் பாய்ச்சும் தோட்டத்து மரம் வேண்டாம்; மழை பொய்த்தது அதற்குத் தெரியாது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து, இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாரம் ஒருநாள், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். கொழுந்து, முற்றிய இலை, மொட்டு, மலர்ந்த பூ, பிஞ்சு, பழம் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று எழுதினால் போதும். மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் கொஞ்சம். 'இல்லை' என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். போன வாரம் இல்லை, இந்த வாரம் மொட்டு என்று இருந்தால்தான் தொடங்கிய வாரம் தெரியும். என்னைக் கேட்டால், நோட்டிலேயே மதிப்புமிக்க சொல் அதுதான்.

கொன்றையில் காய்தான் குழப்பும். பூச்சரம் தொங்கும்போதே, போன வருடத்துக் கறுத்த நீளக் காய்களும் கிளையில் இருக்கும். அவை பழைய பூவின் காய். பச்சையாக, குச்சிபோல் மெலிந்திருப்பதுதான் இந்த வருடத்துப் பிஞ்சு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பூவையும் அருகில் போய்ப் பாருங்கள்: ஐந்து மஞ்சள் இதழ், பத்து மகரந்தத் தாள், அதில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். கருவண்டு வந்து அமர்ந்தால் அதையும் குறியுங்கள்.

கூடவே அந்த வார வெப்பம், மழை. வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடுகிறது. கிளை வெட்டப்பட்டாலும் தேதியோடு எழுதுங்கள். வெட்டிய மரத்தின் பூவைப் பருவத்தோடு ஒப்பிட முடியாது.

ஒரு வருடம் முந்திப் பூத்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். காலநிலையை 30 ஆண்டுச் சராசரியில்தான் பார்ப்பார்கள். ஆகவே பதிவை சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்திலும் ஏற்றுங்கள். நாடெங்கும் உள்ள மரங்களோடு உங்கள் மரமும் சேரும். கொன்றை பழகியதும் புங்கையை எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்த்துப் பளபளவென்று துளிர்க்கும் மரம் அது, ஆகவே ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.