ரன்னிங் பேக் ஒருவரின் ஆட்ட வாழ்வைக் கணக்கேட்டிலிருந்து படித்தறிவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில், அணியின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியினரின் கூட்டத்தைப் பிளந்து முன்னேறுபவர் ரன்னிங் பேக். அவரை மதிப்பிட வருபவர்கள் பெரும்பாலும் ஓடிக் கடந்த மொத்த யார்டுகளைப் பார்த்த கையோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் 18,355 யார்டுகளுடன் எமிட் ஸ்மித் முதலிடத்தில் இருக்கிறார். பாரி சாண்டர்ஸின் கணக்கு 15,269 யார்டுகள். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து இருவரையும் ஒப்பிட முடியாது.

மொத்தத்தைக் குறித்துக்கொண்டதும், பந்தைச் சுமந்து ஓடிய தடவைகள் உள்ள பத்திக்குச் செல்லுங்கள். ஸ்மித் 15 பருவங்களில் 4,409 தடவையும், சாண்டர்ஸ் 10 பருவங்களில் 3,062 தடவையும் ஓடினார்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஓட்டத்துக்கு ஸ்மித்துக்கு 4.2 யார்டும் சாண்டர்ஸுக்கு 5.0 யார்டும் கிடைக்கின்றன. இதைக் கண்டதும் சாண்டர்ஸே மேலானவர் என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஏறக்குறைய ஒவ்வோர் ஓட்டமும் தன்னைவிடக் கனத்த ஆட்களிடம் அடிபட்டு விழுவதில் முடியும் விளையாட்டில், அந்த வேலையை 4,409 தடவை செய்ய உடலை ஆயத்தமாக வைத்திருந்ததே தனிப்பெரும் திறமை. என் கணிப்பில், சராசரியைவிட அரிதாகக் கிடைப்பது அதுதான்.

ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டங்கள் நடந்தன என்பதையும் பார்த்தாக வேண்டும். என்.எஃப்.எல். எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் பருவம் 1961 முதல் 1977 வரை 14 ஆட்டங்களாகவும், 1978 முதல் 2020 வரை 16 ஆட்டங்களாகவும் இருந்து, 2021இல் 17 ஆனது. எரிக் டிக்கர்சன் 1984இல் ஓடிய 2,105 யார்டுகளே இன்றும் ஒரே பருவத்துக்கான சாதனை. ஆனால் அவருக்கு 16 ஆட்டங்கள் கிடைத்தன. 1973இல் ஓ.ஜே. சிம்சன் 14 ஆட்டங்களிலேயே 2,003 யார்டுகளைக் கடந்தார். எனவே வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடும்போது ஆட்டத்துக்கான சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் 1965 வரை கிளீவ்லேண்ட் அணிக்கு ஒரு ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆடிய ஜிம் பிரவுன், 118 ஆட்டங்களில் 12,312 யார்டுகள் ஓடினார். ஆட்டத்துக்கு 104 யார்டுகளுக்கும் மேல். மொத்தப் பட்டியலில் அவர் கீழே இறங்கிக்கொண்டே போவதற்கும் அவருடைய தரத்துக்கும் தொடர்பில்லை என்பது இந்த எண்ணில் தெரியும்.

பருவக் கணக்கோடு நிற்காமல் ஆட்டவாரியான கணக்கையும் திறந்து பாருங்கள். சாண்டர்ஸின் 1997ஆம் ஆண்டுக்கு நேராக 2,053 யார்டுகள் என்றுதான் இருக்கும். முதல் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எடுத்தது வெறும் 53 யார்டுகள் என்பதும், மீதமிருந்த 14 ஆட்டங்களில் ஒன்றில்கூட நூறுக்குக் கீழே இறங்கவில்லை என்பதும் அங்கே தெரியாது. பின்னால் நான்கு யார்டு போனாலும் அடுத்த ஓட்டத்தில் நாற்பது யார்டு எடுத்துவிடலாம் என்பது அவருடைய ஆட்டமுறை. அது கைகொடுக்காத நாளும் உண்டு. 1994ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கிரீன் பே நகரில் நடந்த பிளேஆஃப் (வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தில் அவர் 13 தடவை ஓடியும் கணக்கு மைனஸ் ஒரு யார்டில் நின்றது.

முன்வரிசையில் நின்று வழி திறந்துவிடும் தடுப்பாளர்களின் பங்கு ரன்னிங் பேக்கின் பெயருக்கு நேரே தனியாகப் பதிவாவதில்லை. டல்லாஸ் அணியில் ஸ்மித்துக்கு அக்காலத்தின் மிகச் சிறந்த முன்வரிசைகளில் ஒன்றும், அவருக்கு முன்னே ஓடி எதிரிகளை மறிக்கும் ஃபுல்பேக்கான டேரில் ஜான்ஸ்டனும் வழி அமைத்துத் தந்தார்கள். ஆனால் ஸ்மித் இல்லாமல் அந்த அணி என்ன ஆனது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1993இல் ஒப்பந்தத் தகராறு காரணமாக அவர் ஆடாத முதல் இரண்டு ஆட்டங்களிலும் டல்லாஸ் தோற்றது. அவர் திரும்பிய பின் அதே பருவத்தில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அந்தப் பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், ஜயண்ட்ஸ் அணிக்கு எதிராகத் தோள்மூட்டு விலகிய நிலையிலும் ஆடி முடித்த அவர், 32 தடவை ஓடி 168 யார்டுகளும், பத்து பாஸ்களை (எறியப்பட்ட பந்துகளை) பிடித்து 61 யார்டுகளும் எடுத்தார்.

பாஸ் பிடிப்பதற்கான பத்தி தனியே இருப்பதால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1999இல் மார்ஷல் ஃபால்க் ஓடி 1,381 யார்டும் பிடித்து 1,048 யார்டும் எடுத்தார். ஓட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அவருடைய ஆட்டத்தில் பாதியே தெரியும். குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிரியை மறித்து நிற்கும் வேலைக்கோ பத்தியே கிடையாது. அதை ஒளிப்பதிவைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

கடைசியாக, பிளேஆஃப் கணக்கு வழக்கமான அட்டவணையில் சேர்வதில்லை. தனியே கீழே இருக்கும், பலர் அதுவரை செல்வதில்லை. 1995இல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஆறாம் சுற்றில் தேர்வான டெரல் டேவிஸ், முழங்கால் காயத்தால் ஆட்டம் சுருங்கி, மொத்தம் 7,607 யார்டுகளோடு ஓய்வு பெற்றார். ஆனால் எட்டுப் பிளேஆஃப் ஆட்டங்களில் அவர் ஓடியது 1,140 யார்டுகள். 1998 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில், ஒற்றைத் தலைவலியால் பார்வை மங்கி இரண்டாம் கால்பகுதியில் வெளியே உட்கார நேர்ந்தும், 157 யார்டுகளும் மூன்று டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்து டென்வருக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2017இல் அவர் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டதன் காரணம் அந்த இரண்டாவது அட்டவணையில்தான் இருக்கிறது.