பாலம் ஏறும்போது கார் திணறுகிறதா? ஸ்பார்க் பிளக்கை நீங்களே மாற்றலாம்

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். சமதரையில் ஒழுங்காக ஓடிய எங்கள் பெட்ரோல் கார், சென்ற தை மாதம் ஒவ்வொரு பாலத்திலும் ஏறும்போது குலுங்கியது. இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர், கிளட்ச் என்றார் இன்னொருவர். கடைசியில் பார்த்தால், பிளக்.

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. முனை தேய்ந்து இடைவெளி அகன்றுபோன பிளக் அந்த நேரத்தில்தான் கைவிடும். இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம், அதே நிமிடத்தில் 1,500 முறை தீ மூட்ட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்?

சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றிவிடுங்கள். இரிடியம் பிளக் பல வண்டிகளில் 1,00,000 கிலோமீட்டர் வரை போகும். உங்கள் வண்டிக்கான கணக்கும் பிளக் எண்ணும் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். மரையின் நீளமும் வெப்பத்தைக் கடத்தும் திறனும் அந்த எழுத்துகளிலும் இலக்கங்களிலும்தான் அடங்கியிருக்கின்றன. போலிச் சரக்கு நிறைய வருவதால், விலை குறைகிறதே என்று தெரியாத கடையில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன்.

கருவிகளில் முக்கியமானது பிளக் சாக்கெட். எங்கள் வண்டிக்கு 16 மி.மீ.; பழைய வண்டிகள் பலவற்றுக்கு 21 மி.மீ. ரப்பர் வைத்த சாக்கெட்டைவிடக் காந்தம் வைத்தது மேல். ரப்பர் பிளக்கை விடாமல் கவ்விக்கொள்ளும். சாக்கெட்டோடு மாட்டிய நீட்டுக்கம்பியை உருவும்போது, பிளக் உட்கார்ந்திருக்கும் ஆழமான குழிக்குள்ளேயே சாக்கெட் தங்கிவிடும். நீட்டுக்கம்பி, அதைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி, 10 மி.மீ. ஸ்பேனர், சைக்கிள் பம்ப், ஒரு சாண் நீள ரப்பர் குழாய் ஆகியவையும் வேண்டும். குழாய் எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் ஏறியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து உரிந்து வரலாம். நான் இரவு நிறுத்திய வண்டியில் விடிந்ததும் வேலையைத் தொடங்குவேன். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மேலே இருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் ஒவ்வொரு பிளக்கின் மேலும், பொறிக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் ஒன்று உட்கார்ந்திருப்பது தெரியும். அதன் கனெக்டரில் உள்ள பூட்டை அழுத்தி மெதுவாக உருவுங்கள். பல வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, நேராக மேலே தூக்குங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி மாற்றி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

காயிலை எடுத்ததும் கை பிளக்கைத் தேடிப் போகும். போகக் கூடாது. முதலில் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள்.

எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே களம். சம்பா அறுவடையின்போது மூன்று வாரம் கார் அங்கேதான் நின்றது. குழிக்குள் பிளக்கைச் சுற்றி ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூசு, பதர், உடைந்த வைக்கோல் துணுக்குகள். நெல் சுணை பொன்னிறப் பொடியாக அவற்றின்மேல் படிந்து கிடந்தது. அதோடு பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். மண் துகள் பிஸ்டனோடு சேர்ந்து ஓடினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். சாலையில் நெல் காயும் ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோர் குழியிலும் இது இருக்கும்.

பம்பின் வாயைக் குழிக்குள் விட்டுக் காற்றடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிறகு பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்திவிட்டு மறுபடி காற்றடியுங்கள். வாஷருக்கு அடியில் ஒட்டியிருந்தது அப்போதுதான் கிளம்பும். அதன் பிறகே முழுதாகக் கழற்றுங்கள்.

கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் இஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வண்டியில் அதுவும் அடைத்துத்தான் கிடந்தது. எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளம் கட்டியிருந்தால் அளவுமீறிய சூடு. கடைசி இரண்டுக்கும் பிளக்கை மாற்றினால் மட்டும் போதாது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தேய்ந்த முனை தேய்ந்ததுதான். இரிடியத்தின் ஊசிமுனையோ தேய்த்தால் போயே போய்விடும். புதிய இரிடியம் பிளக்கின் இடைவெளியையும் வளைத்துச் சரிசெய்ய வேண்டாம்.

இனி மாட்டுவது. சில வருடங்களுக்கு முன் முதல்முறை மாற்றியபோது நான் தவறியது இங்கேதான். சாக்கெட்டில் பிளக்கை வைத்து, ராட்செட்டோடு குழிக்குள் விட்டுத் திருகினேன். இரண்டாவது சுற்றிலேயே இறுகியது. ராட்செட் கையில் இருந்ததால் பலமும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். எஃகு பிளக் கோணலாக ஏறி அலுமினிய மரையை அழித்துவிட்டது. கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, எஃகு மரை செருகிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ரப்பர் குழாய்தான். பம்ப்செட்டின் டீசல் குழாயில் ஒரு சாண் வெட்டி வைத்திருக்கிறேன். பிளக்கின் தலையில் குழாயைச் செருகிக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பிளக் மரையின் தொடக்கமும் துளை மரையின் தொடக்கமும் சந்திக்கும் இடத்தில் பிளக் 'டக்' என்று ஒரு மயிரிழை கீழே இறங்கும்; விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். ஐந்தாறு சுற்று வெண்ணெயாகப் போனால் சரியாக ஏறுகிறது. கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரையை அழிக்கும் பலம் அதற்கு இல்லை. உடனே எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

குழாயால் முழுக்க இறக்கியபின், வாஷர் உள்ள புதிய பிளக்கை பிளக் சாக்கெட்டால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். கழற்றிய அதே பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கும். கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணி நேரம் நகரும் அளவு மட்டும் திருப்புங்கள். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனர் இருந்தால் கையேட்டிலுள்ள அளவை வையுங்கள். மரையில் ஆயிலோ கிரீஸோ தடவ வேண்டாம். வழுக்கலில் தேவைக்குமேல் இறுகிவிடும்.

பின்சேர்க்கை: திருவாரூர் வாசகர் ஒருவர் குழிக்குள் ஆயில் தேங்கி நிற்கிறது என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் இஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் ரப்பர் சீல் காய்ந்து கசிவதுதான் காரணம். கம்பியில் துணி சுற்றி முழுக்க ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். சீலை மாற்றாவிட்டால் காயிலின் ரப்பரும் ஊறிக் கெடும்.

இன்னொரு பின்சேர்க்கை: சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். எரிவாயுக் கலவையில் பொறி தாவப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். ஆகவே தேய்ந்த பிளக் அதில் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுங்கள்.

புதுப் பிளக் போட்டும் குலுங்குகிறது என்கிறவர்கள், சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக்கின் ஸ்கேனர் கருவி காட்டும் பழுது எண் பக்கத்துச் சிலிண்டருக்கு மாறியிருந்தால் காயில்தான் போயிருக்கிறது. மாறாமல் அதே சிலிண்டரைக் காட்டினால் இஞ்செக்டர், வால்வு என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.